மறு: மேக்ரோ படம் – ‘பெரு’வும் வேண்டாம், ‘நுண்’ணும் வேண்டாம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டோக்கியோ நண்பர் சகுராப் பூக்களைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, “மேக்ரோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?” என்று ஒரே வரியில் கேட்டார். சின்னப் பொருளை மிகப் பக்கத்தில் போய்ப் பெரிதாகப் படமெடுக்கும் முறையைத்தான் மேக்ரோ என்கிறார்கள். இழை வளர்ந்து, புகைப்படமா ஒளிப்படமா என்ற பழைய சண்டை வரைக்கும் போய்விட்டது. அந்தச் சண்டைக்குள் நான் நுழையவில்லை. இங்கே வெறுமனே ‘படம்’ என்றே எழுதுகிறேன். நம் ஊர் இளவேனில் பூக்களைப் படமெடுப்பது பற்றி ஒரு சிறு கையேடு தொகுத்து வருகிறேன். வேம்பும் புங்கும் கொன்றையும்தான் அதில் முக்கியம். அதனால் இந்தச் சொற்கள் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகின்றன. இதுவரை வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> பேரியல் படம். பொருளியலில் மேக்ரோ என்றால் பேரியல் என்று பாடநூலிலேயே இருக்கிறதே?

பொருளியலில் அது பொருந்துகிறது. ஒரு வீட்டின் வரவு செலவை விட்டுவிட்டு நாட்டின் வரவு செலவைப் பார்ப்பது பேரியல். பூவைப் படமெடுக்கும்போது நடப்பது நேர் எதிர். தோப்பை விட்டு மரத்துக்கு, மரத்தை விட்டுக் கொத்துக்கு, கொத்தை விட்டு ஒற்றைப் பூவின் மகரந்தப் பைக்கு வந்து சேர்கிறோம். ‘பேரியல் படம்’ என்று கேட்பவர் மலைத்தொடரையோ மாநாட்டுக் கூட்டத்தையோதான் எதிர்பார்ப்பார்.

சரி, ‘நுண்’ என்று போட்டுவிடலாமா? அதற்கும் வேறு இடத்தில் வேலை இருக்கிறது: நுண்ணோக்கி, நுண்ணுயிர். ஆங்கிலத்திலேயே இந்த முன்னொட்டு ஓரிடத்தில் நின்றதில்லை. நுண்ணோக்கி வழியே எடுக்கும் படங்களிலிருந்து பிரித்துக்காட்ட, பத்து மடங்குக்கும் குறைவாகப் பெரிதாக்கிய படங்களை ஃபோட்டோ மேக்ரோகிராஃப் என்று அழைக்கலாம் என 1899இல் வால்ம்ஸ்லி என்பவர் முன்மொழிந்தார். அப்புறம் லென்ஸ் நிறுவனங்கள் வந்தன. 1955இல் கில்ஃபிட் தன் லென்ஸுக்கு மாக்ரோ-கிலார் என்று பெயர் வைத்தது. மறு ஆண்டே நிக்கான், கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் லென்ஸுக்கு மைக்ரோ-நிக்கோர் என்று வைத்தது. கோடுகள் நெருங்கிய கான்ஜி எழுத்துகள் கொண்ட ஜப்பானிய ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதிந்து வைக்கும் படச்சுருளில்) பிசிறில்லாமல் பதிவதற்காகச் செய்த லென்ஸ் அது. எழுத்துக்காகப் பிறந்தது பூவுக்கு வந்து சேர்ந்தது, அது தனிக் கதை. கேனான் பெட்டியில் மேக்ரோ, நிக்கான் பெட்டியில் மைக்ரோ. உள்ளே இருப்பது ஒரே வகைக் கருவி. முன்னொட்டை நம்பி மொழிபெயர்த்தால், கடைக்காரர் ஒரே அலமாரியில் பேரியல் லென்ஸையும் நுண்ணியல் லென்ஸையும் அடுக்கி வைத்து வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

> உருப்பெருக்கப் படம்.

உருப்பெருக்கம் இயற்பியலில் நிலைபெற்ற சொல், அளவைக் குறிக்க அது நமக்கு வேண்டும். ஆனால் படத்தின் வகைக்கு அதை வைத்தால், ஸ்டுடியோவில் சின்னப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தருவார்களே, அந்த என்லார்ஜ்மென்ட் நினைவுக்கு வரும். ஜூம் செய்வதையும் மேக்ரோவையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இப்போதே நிறையப் பேர்.

> பூப்படம். கேமராவில் அந்த முறைக்குப் பூவைத்தானே குறியாகப் போட்டிருக்கிறார்கள்?

இதைப் படித்து ரசித்தேன். ட்யூலிப் போன்ற அந்தச் சின்னக் குறியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் இந்த வகைப் படத்துக்குள்ளேயே வந்திருப்பார்கள். ஆனால் எறும்பை எடுத்தாலும் பூப்படம், கல்யாண மோதிரத்தை எடுத்தாலும் பூப்படம் என்றால் சங்கடம். ‘பூக்குறி’ என்று அந்தப் பொத்தானுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஆகவே பெயரை முன்னொட்டில் தேடாமல் வேலையில் தேடலாம் என்பது என் கட்சி. படமெடுப்பவர்களிடம் கறாரான வரையறை ஒன்று இருக்கிறது. பொருள் எவ்வளவு பெரிதோ, அதன் உருவும் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் மேல் அவ்வளவு பெரிதாக விழ வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மொட்டு என்றால் சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டர். லென்ஸின் உடம்பில் 1:1 என்று பொறித்திருப்பது இதைத்தான். இதற்கு நான் முன்வைப்பது மெய்யளவு. மெய்யளவுப் படம், மெய்யளவு லென்ஸ், அரை மெய்யளவு என்று விரித்துக்கொண்டும் போகலாம். (லென்ஸை வில்லை என்று எழுதச் சொல்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பூவைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘வில்லை’ என்றால் எனக்குப் பூஜையறைக் கற்பூர வில்லைதான் முன்னால் வந்து நிற்கிறது.)

இந்த வரையறையை ஏற்றுக்கொண்டால் உடனே ஒரு விளைவு: கைபேசியின் மேக்ரோ, மேக்ரோ அல்ல. இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுபோனாலும் ஃபோகஸ் நிற்கிறது, உண்மை. ஆனால் அதன் சென்சார் நகக்கண் அளவு. அதில் விழும் உரு பூவைவிடப் பல மடங்கு சிறியது. பிறகு திரைதான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. படம் அழகாக இருக்கலாம், அது வேறு. ஆகவே மெய்யளவைத் தொடாத, ஆனால் பக்கத்தில் போய் எடுத்த படத்துக்கு இன்னொரு சொல் வேண்டும். அதாவது க்ளோஸ்-அப்புக்கு.

> அண்மைப் படம். இயற்பியலில் அண்மைப் புள்ளி, சேய்மைப் புள்ளி என்று இருக்கின்றனவே.

இருக்கின்றன. ஆனால் செய்தித்தாள் படிப்பவருக்கு ‘அண்மைப் படம்’ என்றால் போன வாரம் எடுத்த படம். ‘அண்மையில் காலமானார்’ என்று படித்துப் பழகிய கண் அது.

> நெருக்கப் படம்?

வேண்டவே வேண்டாம். ‘நடிகையின் நெருக்கமான படங்கள்’ என்று கிசுகிசுப் பக்கங்கள் அந்தச் சொல்லை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரு செம்பருத்தியை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

‘அணுக்கப் படம்’ கம்பீரமாக இருக்கிறது. ஆனால் முதல் பார்வையில் அணு தெரிகிறது. கிட்டப்பார்வை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் கையிலேயே இருக்கிறது. அந்த வழியில் கிட்டப்படம். பேச்சுவழக்கு என்று யாராவது மூக்கைச் சுளிக்கலாம். கண் மருத்துவருக்கு ஆகிவந்த ‘கிட்ட’ கேமராக்காரருக்கு ஆகாதா என்ன?

அடுத்தது டெப்த் ஆஃப் ஃபீல்டு. இங்கேதான் பூக்களைப் படமெடுப்பவர் நாள் முழுக்கப் போராடுகிறார், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> புல ஆழம்.

மின்புலம், காந்தப்புலம் என்று படித்தவருக்கு இது வேறு எதையோ சொல்லும். படிக்காதவருக்கு ஒன்றுமே சொல்லாது. நமக்கு வேண்டியது எது? முன்னும் பின்னும் எவ்வளவு தூரத்துக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பது. அப்படியானால் தெளிவாழம். இந்தச் சொல்லை ஒரு கொன்றைப் பூவில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். விரிந்த பூ நாலு முதல் ஏழு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மஞ்சள் அல்லி இதழ்கள் ஐந்தும் பின்னால் ஏறக்குறைய ஒரே தளத்தில் நிற்கின்றன. மகரந்தத் தாள்கள் பத்தில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து, மூன்று சென்டிமீட்டர் போல முன்னால் வந்துவிடுகின்றன. முழுச்சட்டகக் கேமராவில் (சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவே இருப்பது), அரை மெய்யளவில், லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப் 11க்குக் குறுக்கினாலும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) தெளிவாழம் ஏறத்தாழ நாலு மில்லிமீட்டர்தான். அந்த மூன்று தாள்களின் நுனி தெளிந்தால் அல்லி கலங்கும், அல்லி தெளிந்தால் நுனி கலங்கும். மெய்யளவுக்கே போய்விட்டால் எஃப் 8இல் சுமார் ஒரு மில்லிமீட்டர். சித்திரைக் காற்று லேசாக ஒரு இழை ஆட்டினால் போதும், தெளிவாழம் பூவை விட்டே வெளியே போய்விடும். அதனால்தான் விடிந்ததும் காற்று எழுமுன் போகச் சொல்கிறார்கள்.

துளையை இன்னும் குறுக்கினால் தீராதா என்று கேட்பார்கள். ஓரளவுக்கு மேல் குறுக்கினால், துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு வந்து படம் முழுக்கவே மழுங்கும். போதாக்குறைக்கு, மெய்யளவில் லென்ஸ் சென்சாரை விட்டு முன்னே தள்ளிப்போவதால் சென்சாருக்கு வரும் வெளிச்சம் கால்வாசியாகிவிடுகிறது. எஃப் 8 என்று வைத்தாலும் நடைமுறையில் எஃப் 16 போலத்தான். ஆகவே சிலர் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் தெளிந்த பகுதியையும் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். ஃபோகஸ் ஸ்டாக்கிங். தெளிவாழத்தை ஏற்றால் இதற்குத் தெளிவடுக்கு என்பது தானாகவே வந்துவிடுகிறது. ஒரு சொல் சரியாக அமைந்தால் அடுத்த சொல்லைத் தேடவேண்டி வராது என்பதற்காகவே தெளிவாழத்தின் பக்கம் பிடிவாதமாக நிற்கிறேன்.

ஃபோகஸ் தவறிய ஒரு புள்ளி சென்சாரில் சிறு வட்டமாகப் பரவி விழும், அந்த ‘சர்க்கிள் ஆஃப் கன்ஃப்யூஷன்’ என்பதற்குக் ‘குழப்ப வட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த எனக்கே குழப்பம். கலங்கல் வட்டம் என்றால் போதும், மேலே போகலாம்.

கடைசியாக பொக்கே. பின்புலம் மங்கி, இலையிடை வெளிச்சம் வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அந்த மங்கலின் தன்மை. இந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் சொன்னீர்கள். மற்ற இடங்களில் நானும் சரி என்பேன். ஆனால் தமிழ்நாட்டில் ‘பொக்கே’ என்றால் மேடையில் விருந்தினருக்குக் கொடுக்கும் பூங்கொத்து. பூக்களைப் பற்றிய கையேட்டில் ‘இந்தப் படத்தில் பொக்கே அருமை’ என்று எழுதினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? குழைவு என்று முன்வைக்கிறேன். அடி விழட்டும்.

---

மறு: மேக்ரோ படம்

ஐயா, டோக்கியோவிலிருந்து.

பொக்கே பற்றி ஒன்று. அது இங்கிருந்து போன சொல்தான். போகே என்றால் மங்கல், கலங்கல். மந்தமாக இருப்பவரையும் அப்படிச் சொல்வார்கள். 1997இல் ஃபோட்டோ டெக்னிக்ஸ் என்ற அமெரிக்க இதழ் அதை ஆங்கிலத்தில் பரப்பியபோது, ஆங்கிலம் பேசுபவர்கள் தவறாக உச்சரித்துவிடக் கூடாதென்று கடைசியில் ஓர் எழுத்தையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். இதில் உங்களுக்குப் பிடிக்கப்போகும் செய்தி வேறு: ‘போகே’ என்ற பெயரில் இங்கே ஒரு பூச்செடியும் இருக்கிறது. சகுராவுக்குச் சற்று முன்பின்னாக, வசந்தத்தில், முள்கிளையில் சிவப்பாகப் பூக்கும். ஆக, ஜப்பானிலும் இந்தச் சொல்லைப் பூப்படத்துக்குக் கீழே எழுதினால் ஒரு நொடி யோசிக்கத்தான் வேண்டும்.

மெய்யளவு எனக்குப் பிடித்திருக்கிறது. சோமெய்-யோஷினோ வகைச் சகுரா மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். முழுச்சட்டகச் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். மெய்யளவுக்குப் போனால் இதழ் நுனிகள் வெட்டுப்பட்டுவிடும். அந்த நுனிகள்தான் முக்கியம்; சகுரா இதழின் நுனியில் சின்னப் பிளவு இருக்கும், பிளம் பூவான உமேயில் இதழ் உருண்டையாக முடியும். அடையாளம் காட்டவே நான் அரை மெய்யளவுக்குச் சற்று மேலே நிறுத்துகிறேன். ‘அரை மெய்யளவு’ என்று சொன்னால் இதை ஒரே தொடரில் சொல்லிவிட முடிகிறது, ‘அரை மேக்ரோ’ என்றால் முடியாது.

---

மறு: மேக்ரோ படம்

யாழ்ப்பாணத்திலிருந்து. கிட்டப்படம் நல்லது. ஆனால் அண்மைக்கு நீங்கள் சொன்ன குற்றம் எங்கள் பக்கத்தில் இதற்கும் உண்டு. ‘கிட்டடியில் எடுத்த படம்’ என்றால் எங்களுக்கும் போன கிழமை எடுத்ததுதான். தமிழில் இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே சொல் ஓடுகிறது, தப்ப முடியாது போல. என்றாலும் ‘கிட்டப்படம்’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இன்னொன்று, கையேட்டில் மகரந்தத் தாள் என்று எழுதும் இடத்தில் ‘கேசரம்’ என்றும் ஒருமுறை போட்டுவிடுங்கள். எங்கள் பாடநூலில் அதுதான்.

---

மறு: மேக்ரோ படம்

அண்ணே, நான் கல்யாணம் காட்சி எடுக்கிற ஆள், குழுவில் அதிகம் எழுதுவதில்லை. மோதிரம், மருதாணி எடுக்கும்போது உதவியாளரிடம் ‘மேக்ரோ மாட்டு’ என்று சொல்லித்தான் பழக்கம். நாளைக்கே ‘மெய்யளவு மாட்டு’ என்று சொல்லச் சொன்னால் அவன் சிரிப்பான். எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. தெளிவாழம் மட்டும் பேச்சிலேயே வந்துவிடும் என்று தோன்றுகிறது.

ஆனால் குழைவு எனக்கு ஒட்டவில்லை. சோறுதான் குழையும். ஸ்டுடியோவில் படத்தைப் பார்த்ததும் நாங்கள் சொல்வது, ‘பின்னாடி நல்லா கரைஞ்சிருக்கு’. துளையைச் சுருக்கும் தகடுகள் குறைவாக இருக்கிற லென்ஸில் வட்டம் வராமல் ஐங்கோணம், அறுகோணம் என்று மூலை மூலையாக வந்தால், ‘கரையவே இல்லை, குத்துது’ என்போம். எனவே கரைவு என்று வைத்தால் எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வேலை மிச்சம்.

---

மறு: மேக்ரோ படம்

வணக்கம். தாவரவியல் ஆசிரியை என்ற முறையில் ஒரு தடை எழுப்புகிறேன்.

வேப்பம்பூ விரிந்தால் ஒரு சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும். அதன் நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாகி வெண்குழலாக நிற்கும், குழலின் வாயில் பத்து மகரந்தப் பைகள். மாணவர்களுக்கு இதைக் காட்டவே படமெடுக்கிறேன். மெய்யளவில் எடுத்தால் பூ சட்டகத்தின் பாதி உயரத்துக்குக்கூட வருவதில்லை. இரண்டு மடங்குக்குப் போக வேண்டியிருக்கிறது. ‘இரட்டை மெய்யளவு’ என்பது எனக்கு முரணாகப் படுகிறது. மெய் எப்படி இரட்டையாகும்? எங்கள் துறையில் படத்துக்குக் கீழே ×2, ×10 என்று போடுவோம், அவ்வளவுதான். வகைக்குப் பெயராக மெய்யளவு இருக்கட்டும். அளவைச் சொல்ல மடங்கு போதும்: அரை மடங்கு, ஒரு மடங்கு, இரு மடங்கு.

இன்னொரு செய்தி, படமெடுப்பவர்களுக்கு. இரு மடங்கில் எஃப் 5.6 வைத்தால் தெளிவாழம் கால் மில்லிமீட்டர் அளவுதான். மரத்தடியில் தெளிவடுக்கு எடுக்க முயல்வது வீண். பங்குனி, சித்திரையில் வீடுகளில் மரத்தடியில் துணி விரித்துப் பூ சேகரிப்பார்கள் அல்லவா, அப்போது உதிர்ந்ததில் புதிதாக விழுந்த பூவைக் காம்போடு எடுத்து, அறைக்குள் கொண்டுபோய் ஈரப் பஞ்சில் நிறுத்தி எடுங்கள். வெள்ளைப் பூவில் ஜன்னல் வெயில் நேராக விழ விடாதீர்கள், இதழின் நரம்பெல்லாம் வெளுத்துப்போய்விடும்.

---

மறு: மேக்ரோ படம்

எல்லோருக்கும் நன்றி.

டீச்சர் சொன்ன மடங்கை எடுத்துக்கொள்கிறேன். மெய்யளவு என்பது வாசற்படி. ஒரு மடங்கும் அதற்கு மேலும் மெய்யளவுப் படம், அதற்குக் கீழே கிட்டப்படம். டோக்கியோ நண்பரின் சகுராக்கள் இந்தக் கணக்கில் கிட்டப்படமாகிவிடுகின்றன, கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். 2 மடங்கு என்று எண்ணோடு எழுதினால் முரணும் இல்லை. 1:1 என்று லென்ஸில் பார்ப்பவருக்குக் கணக்கும் புரியும்.

குழைவை விட்டுவிடுகிறேன். வேலை செய்பவர் வாயிலிருந்து ‘கரைஞ்சிருக்கு’ என்று வந்துவிட்ட பிறகு, மேசையில் உட்கார்ந்து செய்த சொல்லுக்கு வாதாடுவதில் அர்த்தமில்லை. கரைவு. தன்மையைச் சொல்ல வேண்டுமானால் மென்கரைவு, முரட்டுக் கரைவு. புங்கம்பூவில் இது நன்றாக விளங்கும்: கொத்துக்குப் பின்னால் தளிர் பக்கத்திலேயே இருந்தால் முரட்டுக் கரைவு, வானம் தூரத்தில் இருந்தால் மென்கரைவு.

மேக்ரோ என்ற சொல்லை ஸ்டுடியோவிலிருந்து துரத்தும் எண்ணம் எனக்கு இல்லை. கையேட்டில் முதல் முறை ‘மெய்யளவுப் படம், அதாவது மேக்ரோ’ என்று எழுதிவிட்டு அப்புறம் தமிழில் தொடர்வேன். யாழ்ப்பாண நண்பர் கேட்டபடி கேசரமும் வருகிறது.

தீராமல் நிற்பது ஒன்று. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபை நான் ‘இடைக்குழல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேப்பம்பூவின் மகரந்தத் தாள் குழலும் அதே பக்கத்தில் வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு குழல். கல்யாண வீட்டுத் தம்பி, அதை உங்கள் ஆட்கள் என்னவென்று சொல்கிறார்கள்?